இடது முன் சக்கரம்

வண்டி இடப்பக்கமா இழுக்குது காஜா, குழியில இறங்குனா முன்னால இடது சக்கரத்துல கடக்குனு ஒரு சத்தம், ஸ்டியரிங் நேரா நிக்கமாட்டேங்குது, இந்தத் தடவை எப்படியாவது கண்டுபிடிச்சிரு என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். காஜா மைதீன் தலையை மட்டும் ஆட்டினான். மேலப்பாளையத்தில் இந்த ஷெட்டை அவன் போட்ட காலத்திலிருந்து என் வண்டி அவனிடம்தான் வரும். நடுவில் அவன்மேல் கோபப்பட்டு வேறு இடத்துக்குப் போனேன். அங்கே அலைன்மெண்ட் பார்த்தார்கள், டயரை மாற்றிப் போட்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள், வீடு போய்ச் சேருவதற்குள் மறுபடியும் இழுத்தது. அதனால் திரும்ப இவனிடமே வந்து நிற்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. அவன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க சார், நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கேன்" என்றான். அந்தப் பக்கம் என்றால் என் மனைவி பியூலா உட்காரும் பக்கம். சீட்டை அவள் முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறாள், என் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது, ஏறும்போது தோளும் கதவில் இடித்தது, இப்போதெல்லாம் என் இடது தோள் எதிலாவது இடிக்கிறது, வீட்டு வாசல் நிலை குறுகிவிட்டதா நான் பருத்துவிட்டேனா தெரியவில்லை. சீட்டில் அவளுடைய துவாலை கிடந்தது. வியர்வையும் பவுடருமாக ஒரு வாசனை. கொஞ்ச மாதமாக அவள் என்னோடு எல்லா இடத்துக்கும் வருகிறாள். நான் மருந்துக் கம்பெனி ரெப், முப்பது வருஷமாக அம்பாசமுத்திரம், தென்காசி, திருச்செந்தூர் என்று பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களைப் பார்க்கிறவன், அதில் மனைவிக்கு என்ன வேலை? வீட்ல போர் அடிக்குதுங்க என்கிறாள். கிளினிக் வாசலில் வெயிலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் வெளியே வரும்போது ஜன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டும்போது வாய் ஓய்வதில்லை. லாரி பாருங்க. கொஞ்சம் ரைட்ல போங்க. மெதுவா, மெதுவா, பிள்ளைக போகுது. எனக்கு ஓட்டச் சொல்லித் தருகிறாள், ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவள். இன்றைக்கு அவள் குளிக்கப் போன நேரத்தில் சத்தம் காட்டாமல் கிளம்பி வந்துவிட்டேன். நிம்மதியாக இருந்தது.

காஜா ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே நேராகப் போகும் ரோட்டுக்கு வந்தான். எனக்கென்னவோ அவன் ரோட்டின் நடுவிலேயே ஓட்டுகிற மாதிரி இருந்தது, எதிரே வருகிறவன்மேல் ஏற்றிவிடுவானோ என்று வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. எப்போது இவ்வளவு மோசமாக ஓட்ட ஆரம்பித்தான். ரோடு காலியானதும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டான். நான் காத்திருந்தேன். இப்போது இழுக்கும் பார், இப்போது இழுக்கும். வண்டி நேராகப் போனது. தண்டவாளத்தில் போகிற மாதிரி இல்லை, ஆனாலும் நேராகத்தான் போனது, ரொம்ப தூரம் போன பிறகு சோம்பலாக இடப்பக்கம் சாய ஆரம்பித்தது, அவன் ஒரு விரலால் அதைத் திருப்பினான். "லேசா இழுக்கு சார், இல்லைங்கல. ஆனா நீங்க சொல்லுத அளவுக்கு இல்ல." எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் அறைக்குள் போனதும் வலி நின்றுபோன நோயாளிகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், நேத்து ராத்திரி உயிர் போற வலி டாக்டர் என்பார்கள், டாக்டர் வயிற்றை அமுக்குவார், இங்கேயா, இங்கேயா, இல்லை டாக்டர் இப்ப இல்லை. வெளியே பெஞ்சில் பையோடு காத்திருக்கும் நான் மனசுக்குள் சிரித்திருக்கிறேன். இப்போது நான் அந்த நோயாளி, இந்த வண்டி என் வயிறு. நேத்து இழுத்துச்சு காஜா, வரும்போதுகூட இழுத்துச்சு என்றேன். பொய் சொல்கிறவன் குரல் மாதிரி கேட்டது. திடீரென்று ஒரு மோட்டார் சைக்கிள் முன்னால் முளைத்தது, நான் "ஏய்" என்று கத்திவிட்டேன். காஜா என்னைத் திரும்பிப் பார்த்தான். "அவன் அப்பவே நம்ம பக்கத்துல வந்துக்கிட்டுதான இருந்தான் சார்." இருக்கலாம். இப்போது ரோட்டில் எல்லாரும் அப்படித்தான் முளைக்கிறார்கள், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு பைக், ஒரு மாடு, ஒரு பள்ளிக்கூடப் பெண். பேட்டையில் ஒரு கிழவர் அப்படித்தான் முளைத்தார், சைக்கிளின் பின்னால் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு, என் இடப்பக்கக் கண்ணாடி அவர் ஹேண்டில்பாரில் பட்டு உடைந்து தொங்கியது, அவர் புல்லோடு சாய்ந்தார். நான் இறங்கி, கண்ணு தெரியலையாவே என்று கத்தினேன். பியூலாதான் ஓடிப்போய் அவரைத் தூக்கினாள், முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சேலையால் துடைத்துவிட்டாள். வீடு வரும் வரைக்கும் அவள் பேசவில்லை. அவர்மேல் பரிதாபம் என்று நினைத்துக்கொண்டேன். காஜா அதற்குள் வண்டியைத் திருப்பியிருந்தான். ஷெட்டை நெருங்கும்போது ஒரு பெரிய குழி, காலையில் வரும்போது நான் அதில்தான் இறங்கினேன், பல்லெல்லாம் ஆடியது. இப்போது சத்தமே இல்லை. குழி எங்கே என்று தலையைத் திருப்பித் தேடினேன், இடது ஓரத்தில், சாவகாசமாக ஒதுங்கிப் போகிற தூரத்தில் அது கிடந்தது.

ஷெட்டுக்கு வந்து வண்டியை லிஃப்டில் ஏற்றினான். அது மேலே போவதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும், கட்டிலில் கிடக்கிறவரின் போர்வையை டாக்டர் விலக்குகிற மாதிரி. வெள்ளை வண்டியின் வயிறு முழுக்கச் சேறு. காஜா முதலில் வலது முன் சக்கரத்தைப் பிடித்தான், மேலேயும் கீழேயும் கை வைத்து ஆட்டினான், அப்புறம் இரண்டு பக்கமும் கை வைத்து ஆட்டினான். ஆடவில்லை. "இது வண்டியோட வந்த சாமான் சார். இன்னும் கல்லு மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு இடது பக்கம் வந்தான். ஆட்டினதும் எனக்கே கேட்டது, கடக், கடக். நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், பாத்தியா, நான் சொன்னேன்லா என்றேன். அவன் ஒரு கம்பியை உள்ளே விட்டு நெம்பினான். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கை, லோயர் ஆர்ம் என்பார்கள், அதன் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது. "இத நான்தான் பொங்கலுக்கு முன்னாடி மாத்துனேன். இவ்வளவு சீக்கிரம் போகாதே." கையால் தடவிக்கொண்டே போனான். ரிம்மின் விளிம்பு உள்வாங்கியிருந்தது. டயரின் பக்கச் சுவரில் கல்லில் தேய்த்த மாதிரி வரிவரியாகக் கீறல். பின் சக்கரத்துக்குப் போனான், இடது பின் சக்கரம், அதிலும் அதே கீறல். மறுபடி சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய்ப் பார்த்தான். ஒன்றுமில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. வண்டிய வேற யாரும் ஓட்டுதாங்களா?" இல்லையே, நான் மட்டும்தான் என்றேன். "அது இல்ல சார். ரோட்டுல இடது பக்கம் இருக்குத குழி ஒண்ணு விடாம இறங்கியிருக்கு. நடைபாதைக் கல்லுல உரசி உரசிப் போயிருக்கு. வண்டி இழுத்து இப்படி ஆகல. இப்படி ஆனதுனாலதான் வண்டி இழுக்குது." சொல்லிவிட்டு அவன் கம்பியைக் கீழே வைத்தான், என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றுமில்லாத பிறகும்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது, பியூலா, இது எத்தனையாவது தடவையோ, எடுக்கவில்லை. நான் முப்பது வருஷமாக ஓட்டுகிறவன். தென்காசி ரோட்டில் மழையில் ஓட்டியிருக்கிறேன். நடைபாதைக் கல்லில் ஏன் உரசப்போகிறேன். உரசினால் தெரியாதா. தெரிந்தது, சத்தம் கேட்டது, ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன், டை ராடு ஆடுகிறது என்று நினைத்தேன், இந்த ஊர் ரோடு சரியில்லை என்று நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்தேன். பியூலா சாப்பாட்டுத் தட்டைத் திருப்புகிறாள். பேசிக்கொண்டே, விசிறியின் பக்கம் பார்த்துக்கொண்டே, தட்டை அரைச் சுற்றுத் திருப்பிவைக்கிறாள், பார்த்தால் அவியல் இருக்கிறது, இத முதல்லயே வைக்கக்கூடாதா என்று கேட்கிறேன், வைக்க மறந்துட்டேன் என்கிறாள். ஒவ்வொரு நாளும் மறக்கிறாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்தால் வரி நடுவில் தொடங்குகிறது, நான் தப்பாகப் பாடுகிறேன், பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்கிறார், பியூலா புத்தகத்தை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துகிறாள். போன வாரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பஸ் நின்றது, போர்டில் சமுத்திரம் என்று இருந்தது. வெறும் சமுத்திரம். சமுத்திரத்துக்கு எந்த பஸ் போகும் என்று யோசித்துக்கொண்டே சிக்னலில் நின்றேன், எவனோ வேடிக்கையாக எழுதியிருக்கிறான் என்று சிரித்தேன். மாசம் தவறாமல் நான் போகிற ஊர் அம்பாசமுத்திரம். அம்பா எங்கே போனது. ஷெட்டின் சுவரில் ஒரு டயர் கம்பெனி காலண்டர் தொங்கியது. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தேன். கிழமைகள் பாதியிலிருந்து தொடங்கின. சரி, இடது கண் கெட்டுவிட்டது, புரை, ஆபரேஷன் செய்தால் போச்சு, எத்தனை பேர் செய்கிறார்கள், அந்த டாக்டரையும் எனக்குத் தெரியும், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இடது கண்ணைப் பொத்தினேன். வலது கண் நல்ல கண், முழுக் காலண்டரும் தெரியவேண்டும். கிழமைகள் அதே பாதியிலிருந்துதான் தொடங்கின. கையை எடுத்தேன், மறுபடி பொத்தினேன், மாற்றிப் பொத்தினேன். கண்ணில் கோளாறு என்றால் ஒரு கண்ணில்தான் இருக்கும். இரண்டிலும் ஒரே பக்கம் இல்லாமல் போனால் கண் இல்லை, கண்ணுக்குப் பின்னால். நரம்பு டாக்டர்களின் வெளி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது, வேண்டாத பாட்டு மனப்பாடம் ஆகிற மாதிரி. விழாமல் இருந்திருக்கலாம். ஒரு முட்டாளாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் லோயர் ஆர்மை மாற்றிக்கொண்டு ஓட்டியிருப்பேன். ஓட்டியிருப்பேன், அப்புறம் ஒரு பள்ளிக்கூடப் பெண் முளைத்திருப்பாள், அவள் முளைத்த இடத்திலேயே. இன்றைக்குக் காலையில் நான் எப்படி வந்தேன். பாலத்தைத் தாண்டினேன், சந்தை வழியாக வந்தேன், இடது பக்கம் யார் யார் நடந்துபோனார்கள்? ஒருத்தர்கூட ஞாபகத்தில் இல்லை. சந்தை நாளில் ரோட்டின் ஒரு பக்கம் மட்டும் ஆளே இல்லாமல் இருக்குமா. கடக் என்று ஒரு சத்தம் வந்ததே, அது எங்கே, பாலத்துக்கு முன்னாலா பின்னாலா, குழிதானே, குழிதான், குழியில்லாமல் வேறென்ன. காஜா, இடது பக்கம் பம்பர்ல, கதவுல ஏதாவது புதுசா இருக்கா பாரு என்றேன். அவன் லிஃப்டை இறக்கி, குனிந்து, பம்பர் முதல் பின் கதவு வரை விரலால் தடவிக்கொண்டு போனான். "எல்லாம் பழைய கீறல்தான் சார். கல்லுல பட்டது. ஆள் மேல பட்டா இப்படி இருக்காது" என்றான். நான் எதைக் கேட்டேன் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

"காஜா, இங்க வா. எனக்கு நேரா நில்லு." வந்து நின்றான். "ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கோ. நான் உன் மூக்கையே பாப்பேன். நீ பாட்டுக்கு விரலை அசை." எதுக்கு சார் என்று கேட்டான். சும்மா செய் என்றேன். கதவு சரியாகச் சாத்தாத ஒரு அறையில் ஒரு டாக்டர் ஒரு அம்மாளுக்கு இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், அந்த அம்மாள் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். காஜா சிலுவை மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றான், கையெல்லாம் கிரீஸ், கூச்சத்தில் லேசாகச் சிரித்தான். அவன் மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சம், இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததில்லை. என் வலப்பக்கம் கறுப்பாக ஒன்று துடித்தது, விரல், தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது. இப்ப அந்தக் கையை அசை என்றேன். காத்திருந்தேன். வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. காஜாவின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்துகொண்டிருந்தது, நான் மச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சரியாகத்தான் செய்கிறேனா, தலை திரும்பிவிடக்கூடாது. "அசை காஜா." "அசைக்கேன் சார். அப்ப இருந்தே அசைச்சுக்கிட்டுதான் இருக்கேன்." நான் தலையைத் திருப்பினேன். அங்கே அவன் கை இருந்தது. ஐந்து விரலும் துடிதுடி என்று துடித்துக்கொண்டிருந்தன, யாரையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. போதும்பா, கையை இறக்கு என்றேன். அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் போட்டான், தோளைத் தொட்டு உட்காரவைத்தான், கிரீஸ் ஒட்டும் என்று ஒருநாளும் என்னைத் தொடாதவன்.

இந்த முறை போன் அடித்ததும் எடுத்தேன். "எங்க இருக்கீங்க?" என்றாள். காஜா ஷெட்டுல. "வண்டிய நீங்களா ஓட்டிட்டுப் போனீங்க?" ஆமா. அந்தப் பக்கம் மூச்சு உடைந்து உடைந்து வந்தது. "ஒண்ணும் ஆகலையே? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே என்று அவள் முதலில் கேட்கவில்லை. அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒண்ணும் ஆகல, நீ வா பியூலா, ஆட்டோ பிடிச்சு வா என்றேன். வந்தாள். தலைமுடி காயவில்லை, ஈரம் ரவிக்கையின் முதுகை நனைத்திருந்தது. அவள் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தாள், காஜா டீ வாங்கிவருகிற சாக்கில் வெளியே போனான். உனக்கு எப்ப தெரியும் என்று கேட்டேன். "கிறிஸ்மஸ் முடிஞ்சதும். மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்லா. கண்ணாடி சரியாத்தான் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கம்மான்னு டெஸ்ட் பண்ணுனவரு என்ட்ட தனியா சொன்னாரு." ஏன் எங்கிட்ட சொல்லல? "சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன். எனக்கு என்னடி, நான் டாக்டரையெல்லாம் தினம் பாக்கேன்னு கத்துனீங்க. அப்புறம் சொல்லல. சொல்லிட்டா உண்மையாயிரும்னு இருந்துச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா போதும்னு நெனச்சேன்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு நாளும் வீடு வந்து சேந்ததும் கை நடுங்கும். நான் பாத்திரம் போடுத சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு நீங்க ஏசுவீங்க." நான் ஏசினேன். நேற்றுகூட ஏசினேன். காஜா டீயோடு வந்து, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, வண்டியைப் பார்த்தபடி கேட்டான், "இத என்ன செய்ய சார்?" லோயர் ஆர்மை மாத்து, ரிம்மை நிமித்து, எல்லாத்தையும் சரி பண்ணிவை என்றேன். யார் ஓட்டுவதற்கு என்று அவன் கேட்கவில்லை, சரி சார் என்றான்.

அவள் வந்த ஆட்டோவே வெளியே நின்றிருந்தது, ஏறிக்கொண்டோம். வண்ணாரப்பேட்டையில் நான் வழக்கமாகப் பார்க்கிற நரம்பு டாக்டரிடம் போகச் சொன்னேன், அவர் என்னை உடனே பார்ப்பார். பையில்லாமல் போய் நின்றால் முதலில் அடையாளம் தெரியாது, சொன்னால் பார்ப்பார். அவர் அறைக்குள் நான் நின்று பேசியிருக்கிறேன், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, ரெப்புக்கு நாற்காலி கிடையாது. ஸ்கேன் எடுக்கச் சொல்வார். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு முதலில் என்னைப் பார்க்காமல் அதையே பார்ப்பார், அப்படிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ரத்தம் அடைத்த பழைய இடமாக இருக்கலாம், அப்படி இருந்தால் அது இனி வளராது, பாதி உலகத்தோடு பிழைத்துக்கொள்ளலாம். இல்லை, வளர்கிற ஒன்றாக இருக்கலாம். கிறிஸ்மஸிலிருந்து இன்றுவரை அது எவ்வளவு வளர்ந்திருக்கும். எதை முதலில் அவளிடம் சொல்லவேண்டும், நான் இல்லாவிட்டால் பாங்கில் யாரைப் பார்க்கவேண்டும், கம்பெனியில் யாரிடம் பேசவேண்டும், வேண்டாம், இப்போது வேண்டாம், அவளே கேட்கட்டும். ஆட்டோ டிரைவர் சந்தைக் கூட்டத்துக்குள் வளைந்து வளைந்து போனான், பாலத்தில் காற்று அடித்தது. நான் என்னமோ கேட்டேன், மதியத்துக்கு என்ன செய்திருக்கிறாய் என்றோ என்னவோ, பதில் வரவில்லை. என் இடது தோளில் மெதுவாக ஒரு பாரம் இறங்கியது. ஈரத் தலை. பியூலா தூங்கிப்போயிருந்தாள். இத்தனை ஹாரன் சத்தத்தில், குழிக்குக் குழி தூக்கிப்போடுகிற ஆட்டோவில், வாயை லேசாகத் திறந்துகொண்டு குழந்தை மாதிரி தூங்கினாள். முகத்தைப் பார்க்கவேண்டும் என்றால் நான் கழுத்தை முழுக்கத் திருப்பவேண்டும், திருப்பினால் தோள் அசைந்து எழுந்துவிடுவாள். திருப்பவில்லை. வெளியே விழுந்துவிடாமல் கையை அவள் முதுகைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொண்டேன், மெதுவாப் போப்பா என்று டிரைவரிடம் சொன்னேன்.